உள்ளே இருப்பவரிடம் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கலாமா? லாகின் பக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் சிலருக்காக ஓர் இலைக் கணக்கு வெப் ஆப்பைப் பார்த்துக்கொள்கிறேன். இன்று எத்தனை கிலோ இலை போட்டார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், வாங்கிய முன்பணம் எவ்வளவு, மாதக் கடைசியில் கைக்கு என்ன வரும் என்பதை அதில் பார்க்கலாம். பசுந்தேயிலைக்கு அந்த மாத விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிற நாளில் கூட்டம் அதிகம். அன்றைக்குத்தான் எனக்குப் போனும் அதிகம். “நேத்துதான் பாஸ்வேர்டு போட்டேன், இன்னிக்கும் கேக்குதே?”

விசாரித்தால் அவர்கள் யாரும் லாகவுட் ஆகியிருக்கவில்லை. முதல் நாள் ஆப்பைத் திறந்தபோது கண்ணில் பட்டது லாகின் பக்கம். அதையே போனின் முகப்புத் திரையில் சேர்த்துவிட்டார்கள். தினமும் அதைத் தொட்டால் தினமும் லாகின் பக்கம்தானே வரும்? இதைச் சரிசெய்யப் போய் நான் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இருக்கும் நண்பர்கள் கேட்ட கேள்விகளோடு சேர்த்து எழுதிவைக்கிறேன்.

லாகின் ஆனவர் லாகின் பக்கத்துக்கு வந்தால் திருப்பி அனுப்பத்தான் வேண்டுமா? வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே?

அனுப்பத்தான் வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். கல்லாறு செக்போஸ்டில் அதைக் காட்டிவிட்டு மலையேறி வந்தவரிடம் குன்னூர் டீக்கடைக்காரரும் “பாஸ் எங்கே?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? பாஸ் செல்லவில்லையோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

லாகின் பெட்டியைப் பார்க்கிறவரும் அப்படித்தான் நினைக்கிறார். நம்மை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று எண்ணி பாஸ்வேர்டைப் போடுவார், தப்பாகப் போடுவார், நான்காவது முறையில் கணக்கு பூட்டிக்கொள்ளும். உள்ளே இருந்தவரை நாமே வெளியே தள்ளியதாகிவிடும்.

ஒருவர் லாகின் ஆனவர் என்று ஆப்புக்கு எப்படித் தெரிகிறது?

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் சர்வருக்குப் புது ஆள் மாதிரிதான். அதனால் லாகின் ஆனதும் சர்வர் அந்த லாகினுக்கென்று ஒரு செஷன் எண்ணை, பிரவுசர் சேமித்துவைக்கும் சிறு குறிப்பான குக்கீயில் வைத்து பிரவுசரிடம் கொடுக்கிறது. பிரவுசர் அடுத்தடுத்த கோரிக்கைகளில் அதைத் திருப்பிக் காட்டுகிறது. சர்வர் தன் பக்கம் இருக்கும் பட்டியலில் அந்த எண்ணைத் தேடி ஆள் யார் என்று கண்டுபிடிக்கிறது.

இலை போட்டதும் கையில் தரும் எடைச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டு இருந்தால் மட்டும் பணம் வராது. பேக்டரிப் பேரேட்டில் அதே எண் இருக்க வேண்டும். குக்கீயும் வெறும் சீட்டுதான். செஷன் காலாவதியாகியிருக்கலாம், சர்வரில் அழிக்கப்பட்டிருக்கலாம், கணக்கையே முடக்கியிருக்கலாம். சீட்டு மட்டும் போனில் பத்திரமாக இருக்கும். கீழே வரும் பாதித் தொல்லைகளுக்கு, சீட்டைப் பார்த்துவிட்டுப் பேரேட்டைப் பார்க்காமல் விட்டதே காரணம்.

இந்தச் சோதனையை எங்கே வைப்பது?

சர்வரில், லாகின் பக்கம் உருவாவதற்கு முன்பே. படிவத்தைக் காட்டுகிற கோரிக்கைக்கும் அதைச் சமர்ப்பிக்கிற கோரிக்கைக்கும் சேர்த்தே வையுங்கள்.

வெப் ஆப் எழுத உதவும் தயார்ச் சட்டகங்களான பிரேம்வொர்க்குகளில் இதற்கு வழி உண்டு. ஜாங்கோவில் லாகின் பக்கத்தைக் கவனிக்கும் லாகின்வியூவுக்கு ‘ரீடைரக்ட் அத்தென்டிகேட்டட் யூசர்’ என்ற அமைப்பு உண்டு. இயல்பாக அது அணைந்தே இருக்கும், நாம்தான் போட வேண்டும். பலர் இது தானாக நடக்கும் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். லாராவெலில் ‘கெஸ்ட்’ மிடில்வேர் (பக்கத்துக்குப் போகும் முன் கோரிக்கையைச் சோதிக்கும் பகுதி) இதற்கென்றே இருக்கிறது. எக்ஸ்பிரஸில் லாகின் முகவரியைக் கவனிக்கும் ரூட்டின் தலையில் இரண்டு வரி எழுதினால் போதும், ஆனால் திருப்பி அனுப்பும் வரிக்கு முன்னால் ‘ரிட்டர்ன்’ போட மறக்கக் கூடாது. மறந்தால் கீழே இருக்கிற வரிகளும் ஓடி, பதில் ஏற்கெனவே போய்விட்டது என்று சர்வர் கத்தும்.

பிஎச்பியில் கையால் எழுதுகிறவர்கள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். எங்கே போக வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் லொகேஷன் ஹெடரை அனுப்பிய பிறகு ‘எக்ஸிட்’ எழுதாவிட்டால் மிச்ச புரோகிராம் வரிகள் அப்படியே ஓடும். லாகின் பக்கத்தில் இது பெரிய ஆபத்தில்லை. உள்ளே இருக்கும் கணக்குப் பக்கத்தில் இதே தப்பைச் செய்தால், லாகின் ஆகாதவரைத் திருப்பி அனுப்பும் பதிலோடு கணக்கு முழுவதும் சேர்ந்தே போகும். பிரவுசர் அதைக் காட்டாது, ஆனால் அனுப்பியது அனுப்பியதுதான்.

திருப்பிவிட்டதும் பக்கம் சுற்றிச் சுற்றி வந்து ‘அதிகத் திருப்பல்கள்’ என்று பிரவுசர் நின்றுவிடுகிறதே?

என் ஆப்பிலும் இது நடந்தது. சீசன் முடிந்து ஓர் இலை ஏஜெண்டின் கணக்கை முடக்கிவைத்திருந்தோம். சில வாரம் கழித்து அவர் ஆப்பைத் திறந்திருக்கிறார். லாகின் பக்கம் அவர் போனில் குக்கீ இருப்பதைப் பார்த்து “உள்ளே போங்கள்” என்றது. உள்பக்கம் டேட்டாபேஸைப் பார்த்து “உங்கள் கணக்கு செல்லாது, லாகின் பக்கம் போங்கள்” என்றது. குரோமும் பயர்பாக்ஸும் 20 திருப்பல் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடும். அவர் எடைக்களத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு, “மஞ்சூர் ரோட்டு வளைவு மாதிரி சுத்துதுங்க” என்றார்.

இந்தச் சுழலுக்கு எப்போதும் காரணம் ஒன்றே: இரண்டு வாசல் காவலர்களும் வெவ்வேறு கேள்வி கேட்கிறார்கள். லாகின் பக்கக் காவலர் “சீட்டு இருக்கிறதா?” என்கிறார். உள்வாசல் காவலர் “பேரேட்டில் இருக்கிறதா?” என்கிறார். இரண்டு பேரும் ஒரே ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும், அது பேரேட்டைப் பார்க்க வேண்டும். அதோடு, செஷன் செல்லாது என்று தெரிந்ததும் லாகின் பக்கத்துக்கு அனுப்புகிற அதே பதிலில் செத்துப்போன குக்கீயையும் அழித்துவிடுங்கள்.

நெக்ஸ்ட் ஜேஎஸ் போன்றவற்றில் மிடில்வேர் எழுதுகிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள். மிடில்வேரில் டேட்டாபேஸைத் தொட்டால் வேகம் குறையும் என்று குக்கீ இருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்பார்கள். லாகின் ஆகாதவரைத் தடுப்பதற்கு அந்த மேலோட்டமான சோதனை பரவாயில்லை, ஏனென்றால் உள்ளே இன்னொரு சோதனை இருக்கும். லாகின் பக்கத்திலிருந்து வெளியேற்றுவதற்கு அது போதாது.

இன்னொரு வகைச் சுழல் அனுமதி சம்பந்தப்பட்டது. விவசாயி ஒருவர் அலுவலக ஊழியருக்கான பக்கத்தைத் திறக்கிறார். அந்தப் பக்கம் “உங்களுக்கு அனுமதி இல்லை” என்று சொல்லாமல் லாகின் பக்கத்துக்கு அனுப்புகிறது. அவர் லாகின் ஆனவர்தான், ஆகவே லாகின் பக்கம் அவரை வந்த இடத்துக்கே அனுப்புகிறது. ஆள் யார் என்று தெரியாவிட்டால்தான் லாகின் பக்கம். ஆள் தெரிந்து அனுமதி இல்லையென்றால் ‘அனுமதி இல்லை’ என்னும் 403 பதில், அதோடு தமிழில் ஒரு வரி விளக்கம்.

கடைசியாக, எந்தெந்த முகவரிகளுக்குக் குக்கீ போகும் என்று சொல்லும் அதன் பாதையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதையை லாகின் பக்கத்துக்கு மட்டும் என்று அமைத்துவிட்டால் லாகின் பக்கத்துக்கு மட்டுமே குக்கீ தெரியும், உள்பக்கத்துக்குத் தெரியாது. புரோகிராமில் எல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் சுற்றும். மூன்று மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு கண்டுபிடிக்கிற வகை இது.

திருப்பி அனுப்பும் பதிலுக்கு 301 என்ற எண்ணைப் போடலாமா, 302 போதுமா?

301 வேண்டவே வேண்டாம். அது “இந்தப் பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது” என்று சொல்வது. பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே போய்விடும். அவர் லாகவுட் ஆன பிறகும் லாகின் பக்கத்தைத் திறக்க முடியாது. திறந்தால் உள்பக்கம், உள்பக்கம் லாகின் பக்கத்துக்கு அனுப்பும், மறுபடியும் சுழல். சர்வரில் திருத்தினாலும் அவர் போனில் சரியாகாது, பிரவுசர் சேமித்துவைத்திருக்கும் நினைவை, அதாவது கேஷை, அழிக்கச் சொல்ல வேண்டும். அறுபது வயது விவசாயிக்குக் கேஷை அழிக்கப் போனில் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், அப்புறம் 301 பக்கமே போக மாட்டீர்கள்.

தற்காலிகமாக அங்கே போ என்று சொல்லும் 302 போதும். படிவத்தைச் சமர்ப்பித்த பிறகு அனுப்பும்போது 303 இன்னும் சரி. லாகின் பக்கத்துக்கு, இதைச் சேமித்துவைக்காதே என்று சொல்லும் ‘நோ ஸ்டோர்’ என்ற கேஷ் கட்டளையையும் சேர்த்துவிடுங்கள்.

திருப்பி அனுப்புவது எந்தப் பக்கத்துக்கு?

முதலில், அவர் எங்கே போக வந்தாரோ அங்கே. சிட்டையின் இணைப்பை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, அதைத் தொட்டு லாகின் பக்கத்துக்கு வந்தவர் அந்தச் சிட்டைக்குத்தான் போக வேண்டும். முகவரியின் கடைசியில் ‘நெக்ஸ்ட்’ என்று வைத்து இதைச் செய்வது வழக்கம்.

அந்த நெக்ஸ்டை நம்பிவிடக் கூடாது. நம் ஆப்பின் லாகின் முகவரியை வைத்து, நெக்ஸ்டில் வேறொரு தளத்தைப் போட்டு யாராவது அனுப்பலாம். இணைப்பு நம்முடையது மாதிரியே இருக்கும். தொட்டவர் ஏற்கெனவே லாகின் ஆனவர் என்றால் ஒரு கேள்வியும் இல்லாமல் நேராக அந்தத் தளத்தில் போய் விழுவார். அங்கே நம் ஆப்பைப் போலவே ஒரு லாகின் பெட்டி காத்திருக்கும். திருப்பிவிடும் வசதியைச் சேர்க்கும்போது இந்த ஓட்டையைப் பெரிதாக்குகிறோம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கினால் நம் தளம்தான் என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முகவரி வேறு தளத்துக்குப் போகும். இரண்டாவது கோட்டுக்குப் பதில் பின்சாய்கோட்டைப் போட்டாலும் பிரவுசர்கள் அதை இரட்டைச் சாய்கோடாகவே எடுத்துக்கொள்ளும். ஜாங்கோவில் இதற்கான சோதனை ஃபங்ஷன் தயாராக இருக்கிறது, லாகின்வியூவே அதைப் பயன்படுத்துகிறது. மற்ற இடங்களில், முகவரியை முழுதாகப் பிரித்து அதிலுள்ள தளப் பெயர் (ஹோஸ்ட்) நம்முடையதுதானா என்று ஒப்பிடுவது நல்லது. நெக்ஸ்ட் லாகின் பக்கத்தையே காட்டினால் அதைத் தூக்கி எறியுங்கள்.

நெக்ஸ்ட் இல்லாவிட்டால் ஆளைப் பொறுத்து. விவசாயிக்கு அவர் கணக்கு, ஏஜெண்டுக்கு எடை போடும் பக்கம்.

ஒரே போனை வீட்டில் மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள். அப்போதும் தானாகவே உள்ளே அனுப்பலாமா?

இந்த இடத்தில்தான் நான் முதலில் சொன்ன ‘அனுப்பத்தான் வேண்டும்’ கொஞ்சம் தளர்கிறது. எங்கள் பக்கம் தோட்டம் அப்பா பேரில் ஒன்று, அம்மா பேரில் ஒன்று என்று இருக்கும். போன் ஒன்றுதான். அம்மா கணக்கைப் பார்க்க மகன் லாகின் பக்கத்துக்கு வேண்டுமென்றே வருகிறான். ஆப் அவனைப் பிடித்து அப்பா கணக்குக்குள் தள்ளுகிறது. அவன் திரும்ப வருகிறான், திரும்பத் தள்ளுகிறது. எடைக்களத்துப் போனில் இது இன்னும் மோசம். காலை ஏஜெண்டின் செஷனில் மாலை ஏஜெண்ட் எடை போட்டுவிட்டால், கணக்கு யார் பேரில் ஏறும்?

அதனால் பொதுப் போன்களுக்கு நான் சத்தமில்லாமல் திருப்பிவிடுவதை நிறுத்திவிட்டேன். லாகின் பக்கம் வந்தால் படிவத்துக்குப் பதில் ஒரு சிறு பக்கம்: “நீங்கள் இன்னார் பேரில் உள்ளே இருக்கிறீர்கள்.” கீழே இரண்டு பொத்தான், ‘தொடரலாம்’ ஒன்று, ‘வேறு ஆள்’ இன்னொன்று. ஒரு தட்டு கூடுதல்தான். ஆனால் தப்பான பேரில் ஏறிய இலையைத் திருத்துவதற்கு அலுவலகம், ஏஜெண்ட், விவசாயி என மூன்று பேர் உட்கார வேண்டும். தனிப் போன்களில் நேரடித் திருப்பல் அப்படியே இருக்கிறது, உள்ளே போனதும் மேலே பெயர் பெரிதாகத் தெரியும்.

‘வேறு ஆள்’ பொத்தான் லாகவுட் செய்வதால் அது படிவத்தைச் சமர்ப்பிக்கும் போஸ்ட் கோரிக்கையாக இருக்கட்டும். வெறும் இணைப்பாக வைத்தால் வேறொரு தளம் அந்த முகவரியை ஒரு படமாகப் போட்டுக்கூட நம் ஆளை வெளியேற்ற முடியும். ஜாங்கோவும் 5.0 பதிப்பிலிருந்து இணைப்பைத் தொட்டால் போகும் கெட் கோரிக்கையில் லாகவுட் செய்ய விடுவதில்லை. புது ஆள் லாகின் ஆகும்போது செஷன் எண்ணும் புதிதாக மாற வேண்டும், பழைய எண்ணிலேயே பெயரை மட்டும் மாற்றக் கூடாது.

உள்ளே போன பிறகு பேக் பட்டனைத் தட்டினால் லாகின் பெட்டி வந்து நிற்கிறதே?

பிரவுசர் பழைய பக்கத்தை அப்படியே நினைவிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. சர்வரைக் கேட்கவே இல்லை, ஆகவே சர்வரில் வைத்த சோதனைக்கு அங்கே வேலையில்லை. மேலே சொன்ன ‘நோ ஸ்டோர்’ பெரும்பாலும் இதைச் சரிசெய்யும். கூடுதலாக, ‘பேஜ்ஷோ’ நிகழ்வில் பக்கம் நினைவிலிருந்து வந்ததா என்று பார்த்து, ஆமென்றால் மறுபடி ஏற்றச் சொல்லலாம்.

ஜாவாஸ்கிரிப்டில் திருப்புகிறவர்கள் பிரவுசர் வரலாற்றில் புது வரியைச் சேர்க்காமல், ஏற்கெனவே உள்ள வரியையே மாற்றுகிற ‘ரீப்ளேஸ்’ முறையைப் பயன்படுத்த வேண்டும். சேர்த்தால் பேக் தட்டியவர் லாகின் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி உள்ளே தள்ளப்படுவார். எத்தனை முறை தட்டினாலும் வெளியே வர முடியாது.

பிரவுசருக்குள்ளேயே பக்கத்தை உருவாக்கும் ரியாக்டில் எழுதிய ஆப். லாகின் பெட்டி ஒரு கணம் மின்னிவிட்டுத்தான் உள்ளே போகிறது. ஏன்?

ஆப் திறந்தவுடன் ஆள் யார் என்று தெரியாது. சர்வரைக் கேட்டுப் பதில் வரும்வரை நேரம் ஆகும். அந்த நேரத்தை ‘லாகின் ஆகவில்லை’ என்று எடுத்துக்கொள்வதால்தான் பெட்டி மின்னுகிறது. ஆமா, இல்லை என்று இரண்டு நிலை போதாது, ‘இன்னும் தெரியவில்லை’ என்று மூன்றாவதும் வேண்டும். அதுவரை பெட்டியைக் காட்டாமல் ஆப்பின் பெயரையோ ஒரு சுழலும் வட்டத்தையோ காட்டுங்கள்.

பெங்களூரு அலுவலகத்தில் இந்த மூன்றாவது நிலை கண்ணிமைக்கும் நேரம்தான் இருக்கும். இங்கே மஞ்சு இறங்கி மழையும் பிடித்துக்கொண்டால் சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிடும், பத்து நொடிகூட ஆகும். சில சமயம் பதிலே வராது. அப்போது ஆப் என்ன செய்கிறது என்று பாருங்கள். நெட்வொர்க் விழுந்ததை ‘லாகின் ஆகவில்லை’ என்று புரிந்துகொண்டு போனில் இருக்கும் லாகின் அடையாளமான டோக்கனை அழித்துவிடும் ஆப்களை நான் பார்த்திருக்கிறேன். சர்வர் 401, அதாவது ‘லாகின் ஆகவில்லை’, என்று வாய் திறந்து சொன்னால்தான் அவர் வெளியே. பதில் வராவிட்டால் “சிக்னல் இல்லை, மறுபடி முயலுங்கள்” என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு டேபில் லாகின் பக்கத்தைத் திறந்து, ஒன்றில் லாகின் ஆன பிறகு மற்றதில் சமர்ப்பித்தால் 403 வருகிறது. கோளாறா?

ஜாங்கோ மாதிரி பிரேம்வொர்க்குகள் லாகின் ஆனதும், படிவம் நம் தளத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசிய எண்ணான சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை மாற்றிவிடும். பழைய டேபில் பழைய டோக்கன் இருப்பதால் நிராகரிக்கிறது. சரியாகத்தான் செய்கிறது. அந்தப் பிழைப் பக்கத்தில் “நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்” என்ற இணைப்பு வைத்தால் மக்கள் பயப்பட மாட்டார்கள்.

திருப்பிவிடுவதால் ரகசியம் ஏதும் கசியுமா?

கசிய ஒரு வழி உண்டு, ஜாங்கோவின் கையேடே எச்சரிக்கிறது. வேறொரு தளம் நம் லாகின் முகவரியை, நெக்ஸ்டில் நம் தளத்துப் படம் ஒன்றை வைத்து, படமாக ஏற்றச் சொல்லும். படம் வந்தால் இவர் லாகின் ஆனவர், வராவிட்டால் ஆகாதவர். இலைக் கணக்கு ஆப்பில் இதனால் பெரிதாக ஒன்றும் போய்விடாது. மருத்துவமனை ஆப்பில் அப்படிச் சொல்ல முடியாது. செஷன் குக்கீயில், வேறு தளத்துக் கோரிக்கைகளில் அது எப்போது போகலாம் என்று சொல்லும் சேம்சைட் அமைப்பு ‘லாக்ஸ்’ என்று இருந்தால் வேறு தளத்திலிருந்து வரும் படக் கோரிக்கையில் குக்கீ போகாது, பெரும்பாலும் அதுவே போதும்.

பதிவுப் பக்கம், பாஸ்வேர்டு மறந்த பக்கம் எல்லாவற்றுக்கும் இதே சோதனையா?

பதிவுப் பக்கத்துக்குச் சரி. பாஸ்வேர்டை மாற்ற அனுப்பிய இணைப்புக்கு வேண்டாம். லாகின் ஆகியிருந்தாலும் அந்த இணைப்பு வேலை செய்ய வேண்டும். ஓடிபி இன்னும் போடாதவர் பாதி வழியில்தான் இருக்கிறார், அவரை லாகின் ஆனவராக எண்ணாதீர்கள்.

வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும்போது பாஸ்வேர்டை இன்னொரு முறை கேட்பது நல்ல வழக்கம். ஆனால் அதற்கு லாகின் பக்கத்தையே பயன்படுத்தினால், அது ‘இவர்தான் உள்ளே இருக்கிறாரே’ என்று கேட்காமலே திருப்பிவிடும். தனிப் பக்கம் எழுதுங்கள்.

எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

லாகின் ஆகி, லாகின் முகவரியைத் தட்டுங்கள், உள்ளே போக வேண்டும். அப்புறம் டேட்டாபேஸில் அந்தச் செஷன் வரியை மட்டும் அழித்துவிட்டு, குக்கீயைத் தொடாமல் மறுபடி தட்டுங்கள். இப்போது லாகின் பெட்டி அமைதியாக வர வேண்டும். சுற்றினால் மேலே சொன்ன இரண்டு காவலர் கதைதான். கணக்கை முடக்கிப் பாருங்கள், அனுமதி இல்லாத பக்கத்தைத் திறந்து பாருங்கள், நெக்ஸ்டில் வேறு தளத்தைப் போட்டுப் பாருங்கள். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் இருக்கும் நெட்வொர்க் பகுதியில் எங்கும் 301 தலை காட்டக் கூடாது.

நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துப் பார்க்க அதே டூல்ஸில் வசதி இருக்கிறது. நான் அதோடு நிறுத்துவதில்லை. புதுப் பதிப்பு வந்தால் கோத்தகிரியிலிருந்து கோடநாடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சிக்னல் விட்டு விட்டு வரும் வளைவுகளில் ஆப்பைத் திறந்து திறந்து மூடுகிறேன். இதுவரை இரண்டு பிழைகளை அந்த பஸ்ஸில்தான் பிடித்தேன்.